நாலணா முடிச்சு

என் பாட்டியான நன்னியின் தகரப்பெட்டியைத் திறந்தால் முதலில் அத்தர் வாசம் வரும், பிறகு கற்பூர வாசம். அடியில் வெள்ளைத்துணி முடிச்சுகள் கிடக்கும். வீட்டில் யாருக்காவது மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லையென்றால் நன்னி ஒளூ செய்துவிட்டு வந்து, ஒரு நாலணாவைத் துணியில் வைத்து, பிஸ்மி சொல்லி முடிந்து வைப்பாள். "யா அல்லா, புள்ள எழுந்து உக்காந்தா நாகூர் எஜமான் வாசல்ல முடியெறக்கி, ஏழைக்குச் சோறு போடுறேன்."

அந்தப் பிள்ளை நான்தான். ஆறு வயது.

காய்ச்சல் விட்டதும் நாகூருக்குக் கிளம்பி, திருவாரூரில் ரயில் மாறுகிறோம். கரி எஞ்சின், கண்ணில் தூசி. நன்னியின் மடியில் தூக்குச்சட்டி, அதில் புளிச்சோறு. நாகப்பட்டினம் தாண்டியதும் கடல்காற்று உப்பாக உதட்டில் ஒட்டுகிறது. அப்புறம் நாகூர் தர்காவின் மனோரா தெரிகிறது. ஐந்து மனோராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது. "ராசாவே புள்ளைக்கு நேந்துகிட்டுத்தான் கட்டுனாராம், நம்ம எம்மாத்திரம்" என்பாள் நன்னி.

வாசல் கடைகளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளித் தகட்டில் அச்சடித்த கண், கை, கால், தொட்டில், வீடு, படகு. எது நோவோ அதை வாங்கிக் காணிக்கையாகப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு மீனவப் பெண் தகட்டுப் படகை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நெற்றியில் அகலக் குங்குமம்.

"பேரனுக்காம்மா?"

"காச்சல் தாயி. பொழச்சுக்கிட்டான். ஒனக்கு?"

"எங்க வூட்டுக்காரரு போட்டு கரை சேந்துருச்சும்மா."

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே சாம்பிராணிப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தை அப்பியபோது வந்த குளிர்ச்சி, புறாக்கள் மொத்தமாக எழும்பும் சடசடப்பு, காகிதப் பொட்டலத்தில் பாத்திஹா ஓதிய சீனி... அந்தச் சீனிக்குத் தனி ருசி இருந்தது. இன்றைக்கும் சொல்லுவேன், இருந்தது.

சோறுதான் நன்னிக்கு முக்கியம். நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கச் சொல்லி, தன் கையாலேயே அள்ளி வைத்தாள். ஓதுகிற பள்ளியில் ஹஜ்ரத் சொன்ன சம்பவத்தை அடிக்கடி எங்களுக்குத் திருப்பிச் சொல்லுவாள். ஒருவர் வெயிலிலேயே நிற்பேன், உட்காரமாட்டேன், நிழலில் ஒதுங்கமாட்டேன், பேசமாட்டேன், நோன்பும் வைப்பேன் என்று நேர்ந்துகொண்டாராம். நபிகள் நாயகம், அவரைப் பேசச் சொல்லுங்கள், நிழலில் உட்காரச் சொல்லுங்கள், நோன்பை மட்டும் முழுமையாக்கட்டும் என்றார்களாம். "ஒடம்ப வருத்துறதுல அல்லாவுக்கு என்னடா ஆவப்போவுது? பசிச்சவனுக்குப் போடு." நேர்ச்சையை நிறைவேற்றுகிறவர்களை குர்ஆனின் 76-ஆவது அத்தியாயம் புகழ்கிறது என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. நன்னிக்கு அது கடன். கடனோடு மவுத்தாகக் கூடாது.

இப்போது காரில் போகிறோம். ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிடுவதால் கடல்காற்று உள்ளே வருவதில்லை. ஏழைகளுக்குச் சோறு போடுவதற்குக்கூட ஃபோனிலேயே பணம் அனுப்பிவிடலாம். யார் சாப்பிட்டார் என்று தெரியாது. என் மகன் தர்காவுக்குள் வரமாட்டான். நேர்ச்சை அல்லாவுக்கு மட்டும்தான் என்கிறான். அதைத்தான் நன்னியும் சொன்னாள். அவள் "யா அல்லா" என்றுதான் தொடங்கினாள், நான் கேட்டிருக்கிறேன்.

நன்னி மவுத்தாகி நாற்பதாம் நாள் பெட்டியை ஒழித்தோம். ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. யாருக்காக, என்ன நேர்ந்தாள், யாருக்கும் தெரியவில்லை. அம்மா அழுதுவிட்டாள். ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டோம். என்ன நேர்ச்சை என்று தெரியாவிட்டால் சத்தியத்தை முறித்ததற்கு உண்டான பரிகாரம்தான், பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுங்கள் என்றார். அன்றைக்கே நெய்ச்சோறு ஆக்கினோம். அம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்து அள்ளி வைத்தாள்.

நாலணாவை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். 2011 ஜூன் 30-லிருந்து அது செல்லாக்காசு.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படியொரு முடிச்சு கிடக்கலாம். தேடிப் பாருங்கள். கிடைத்தால் பத்துப் பேருக்குச் சோறு போட்டுவிடுங்கள், உங்கள் கையாலேயே.