உபாத்தியாயரும் ஊசியும்

1796-ல் ஜென்னர் அம்மை குத்திய வரலாற்றை வருஷந்தோறும் என் மாணாக்கர்களுக்குக் கம்பீரமாகச் சொல்லி வருகிறவன் நான். ஆனால் 2021-ல் கோவிட் தடுப்பூசி வந்தபோது அந்தக் கம்பீரம் எங்கே ஓடி ஒளிந்ததோ, தெரியவில்லை!

எனக்கு நெடுநாளாக முடக்குவாதம். தேகத்தைக் காக்கவேண்டிய சேனையே வழி தவறி மூட்டுகளைத் தாக்கும் வியாதி அது. தூங்குகிற புலியைத் தட்டி எழுப்புவானேன் என்று, என் முறை வந்தும் மூன்று மாதம் சாக்குச் சொன்னேன். 75 வயதான என் தாயார் ஒரு நாள், "நான் போட்டுக்கொண்டு வருகிறேன், என்னைப் பார்த்துவிட்டு நீ போட்டுக்கொள்ளடா" என்றார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாளே வைத்தியரிடம் சென்று என் பயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த ஊசியிலே உடம்பில் பெருகக்கூடிய கிருமி இல்லை, ஆகையால் கோவிட் வராது. மூட்டுவலி சில நாள் கூடலாம். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அந்த நோயே தொற்றினால் அபாயம் அதிகம்" என்றார். நான் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெதோட்ரெக்ஸேட், ஊசியின் பலனைக் குறைக்கக்கூடுமாதலால், ஊசிக்குப் பின் ஒரு வாரம் அதை நிறுத்தும்படி சொன்னார். தம்மைக் கேளாமல் எதையும் நிறுத்தலாகாது என்றும் எச்சரித்தார்.

இரண்டு நாள் காய்ச்சலும் வலியும் இருந்தன. மூன்றாம் நாள் புலி மறுபடியும் தூங்கிவிட்டது.

பயம் யாருக்கும் வரும். வைத்தியரிடம் வெளியிட்டால் பாதி தீரும். திண்ணையில் ஆலோசித்தால் இரட்டிக்கும். இப்போதெல்லாம் ஜென்னர் பாடத்தோடு இந்தக் கதையையும் சேர்த்தே சொல்லுகிறேன். பிள்ளைகள் ஜென்னரை மறந்தாலும் இதை மறப்பதில்லை!