நடுக்கதிரையில ஆர் இருக்கிறது?

1973 மார்ச்சில் வெளிவந்த ஒரு ரொக் அல்பத்தை, அதுக்குக் கிட்டத்தட்ட முப்பது வருசம் கழிச்சுப் பிறந்த நாங்கள் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறம் எண்டு வீட்டிலயும் கேட்டிருக்கினம், வெளியிலயும் கேட்டிருக்கினம். பிங்க் ஃபுளொய்ட் குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' அல்பத்தைப் பற்றித்தான் கதைக்கிறம். பத்துத் துண்டுகள், மொத்தம் 43 நிமிசம். நேரம் வீணாகப் போவது, காசு, சாவு, ஆளையாள் எதிரியாக்கிற சண்டை, கடைசியில் புத்தி பேதலிப்பது. இவ்வளவும்தான் அதின்ர பொருள். இதில எது எங்களுக்குச் சம்பந்தமில்லாதது எண்டு நாங்கள் திருப்பிக் கேட்போம். அதோட அந்தக் கதை முடிஞ்சிடும்.

ஆனால் இந்தக் கட்டுரை அல்பத்தின் பெருமை பற்றினதில்லை. அதை ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவில இருந்து கேட்டதைப் பற்றினது.

முதலில் நாங்கள் அதை எப்படிக் கேட்டு வளர்ந்தம் எண்டு சொல்ல வேணும். எங்களில் இரண்டு பேர் ஏ.எல் படிச்ச காலத்தில ஒரே பஸ்ஸில் ரியூசனுக்குப் போய் வந்தவை. போன் ஒண்டு, இயர்போன் ஒண்டு. ஒருத்திக்கு இடப்பக்கம், மற்றவளுக்கு வலப்பக்கம். பஸ்காரரின் பாட்டு ஒருபக்கக் காதில, பிங்க் ஃபுளொய்ட் மறுபக்கக் காதில. 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களிலும் அப்படித்தான். போனில சார்ஜ் இருக்கும் வரைக்கும் முற்றத்தில இருந்து ஆளுக்கு ஒரு காதாகக் கேட்டம். மற்ற மூன்று பேரும் லப்டொப் ஸ்பீக்கரில் கேட்டவை. அதில பாதிப் பேஸ் சத்தம் கேட்கவே கேட்காது. இருந்தாலும் ஐந்து பேருக்கும் இந்த அல்பம் மனப்பாடம் எண்டுதான் நினைச்சிருந்தம்.

இந்த வருசம் ஒரு நண்பியின் மாமா வெளிநாட்டில இருந்து வந்து ஊரோட தங்கிவிட்டார். வரும்போது அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு ஸ்பீக்கர் செற்றும், 2011 இல் வெளிவந்த இந்த அல்பத்தின் பெரிய பெட்டித் தொகுப்பும் இருந்தது. ஹோலில முன்னுக்கு மூன்று ஸ்பீக்கர், பின்னுக்கு இரண்டு, மூலையில அடித்தொனிக்கெண்டு ஒரு பெட்டி. இதைத்தான் 5.1 எண்டு சொல்லுறது. நடுவில ஒரு சாய்மனைக் கதிரை. "பிள்ளையள், போன் எல்லாத்தையும் உந்த மேசையில வைச்சிட்டு வாங்கோ" எண்டார். 43 நிமிசம் போன் இல்லாமல் ஒரு இடத்தில இருந்து நாங்கள் கடைசியாய் எப்ப பாட்டுக் கேட்டம் எண்டு யோசிச்சால், ஒருதருக்கும் ஞாபகம் வரேல்லை.

இங்க ஒரு விசயத்தைத் தெளிவாக்க வேணும். ரீமாஸ்டர் வேற, ரீமிக்ஸ் வேற. கூழ் காய்ச்சி இறக்கின பிறகு உப்புப்புளி பார்த்துத் திருப்பிச் சூடாக்கினால் அது ரீமாஸ்டர். ஒடியல்மாவையும் இறாலையும் நண்டையும் பயித்தங்காயையும் பலாக்கொட்டையையும் தனித்தனியாய் எடுத்து வைச்சுத் திரும்பக் காய்ச்சினால் அது ரீமிக்ஸ். இந்த அல்பம் லண்டன் அபே ரோட் ஸ்ரூடியோவில் 16 தடம் கொண்ட ரேப்பில் ஒலிப்பதிவானது. தடங்கள் போதாமல் வரும்போது, பதிஞ்சதுகளைச் சேர்த்து இன்னொரு ரேப்புக்கு மாற்றி இடம் எடுப்பினம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் தெளிவு போகும். 2003 இல், அல்பத்தின் முப்பதாவது வருசத்துக்காக 5.1 கலவையைச் செய்த ஜேம்ஸ் குத்ரி, அந்த முதல் ரேப்புகளுக்கே திரும்பிப் போனவர்.

சுற்றிவர ஒலி கேட்கிறது எண்ட ஆசை 2003 இல் புதிசாய் வந்ததில்லை. 1967 மே 12 அன்று லண்டன் குயீன் எலிசபெத் ஹோலில் பிங்க் ஃபுளொய்ட் செய்த நிகழ்ச்சியிலேயே, ஒரு தடியை அசைச்சு ஒலியை மண்டபத்தைச் சுற்றி ஓடவிடுகிற கருவி ஒண்டைப் பாவிச்சவை. அதுக்கு 'அசிமுத் கோ-ஓடினேற்றர்' எண்டு பெயர். கீபோட் வாசிக்கிற ரிச்சர்ட் ரைட்தான் அதையும் இயக்கினவர். 1973 இல் இந்த அல்பத்துக்கே நாலு ஸ்பீக்கருக்கான 'குவாட்' கலவை ஒண்டை ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் செய்தவர். லண்டன் கோளரங்கத்தில நடந்த பத்திரிகையாளர் வெளியீட்டுக்கு அந்தக் கலவை தயாராகேல்லை எண்டு கோவிச்சுக்கொண்டு ரைட் தவிர மற்ற மூன்று பேரும் போகவே இல்லை. பிறகு குவாட் முறையே எடுபடேல்லை. ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு முறை வைச்சிருந்தது, ஒண்டுக்கு வாங்கின கருவி மற்றதுக்குச் சரிவராது. எழுபதுகள் முடியிறதுக்குள்ள அது படுத்துவிட்டது.

சரி, இனி ஹோலுக்கு வருவம்.

தொடக்கத்தில ஒரு இதயத்துடிப்பு. அது உண்மையான இதயமில்லை, நிக் மேசனின் பேஸ் ட்ரம். அது மூலைப் பெட்டியில இருந்து வந்தது எண்டு சொல்லத் தெரியும், ஆனால் நிலத்துக்குள்ளால காலுக்கு ஏறின மாதிரித்தான் இருந்தது. 'ஒன் த ரன்' வந்தபோது எங்களில் ஒருத்தன் திரும்பிப் பின்னால பார்த்தான். ஒரு ஆள் ஓடிற காலடிச் சத்தம் அவனுக்குப் பின்பக்கமாய்ப் போனது. லப்டொப்பில் நாங்கள் 'சும்மா ஒரு மெஷின் சத்தம்' எண்டு தாண்டிப் போகிற துண்டு அது. சின்ன சிந்தசைசர் ஒண்டில எட்டு ஸ்வரத்தைப் போட்டு வேகமாய் ஓடவிட்டதுதான் அதின்ர அடித்தளம். சுற்றிவரக் கேட்கும்போது அது விமான நிலையத்தில தனிய நிக்கிற ஒரு ஆளின்ர பயம் எண்டு விளங்கினது. எங்களுக்கு விமான நிலையம் எண்டால் என்ன எண்டு சொல்லத் தேவையில்லை. போன இரண்டு வருசத்தில எத்தனை பேரை வழியனுப்பப் போனம்.

அடுத்தது 'ரைம்'. அதின்ர தொடக்கத்தில அடிக்கிற மணிக்கூடுகளை, ஒரு பழைய மணிக்கூட்டுக் கடைக்குப் போய் ஒவ்வொண்டாய்ப் பதிஞ்சு கொண்டுவந்தவர் பார்சன்ஸ். அதை அவர் முதலில் பதிஞ்சதே குவாட் முறையைச் செய்து காட்டத்தான். அதாவது, அந்த மணிக்கூடுகள் ஆளைச் சுற்றிவர நிக்கிறதுக்கெண்டே பிறந்தவை. ஐம்பது வருசமாய் அதுகளை இரண்டு ஸ்பீக்கருக்குள்ள நெருக்கி வைச்சிருந்ததுதான் அதிசயம். சுற்றிவர அடிச்சபோது நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில நிமிர்ந்து இருந்தம்.

பிரச்சினை 'மனி' பாட்டில தொடங்கினது. சில்லறை கொட்டுப்படுகிறது, கடதாசி கிழிபடுகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. இந்தச் சத்தங்களை ரேப்பில வெட்டி, அளந்து ஒட்டி, வட்டமாய்ச் சுழலவிட்டுத்தான் ஏழு அடித் தாளத்தைத் தொடங்கினவை. சுற்றொலியில அந்தச் சத்தங்கள் ஒரு ஸ்பீக்கரில இருந்து மற்றதுக்கு நடந்து போகுது. பாட்டு முடிய, பஸ்ஸில் இடக்காதில கேட்டு வளர்ந்தவள் சொன்னாள்: "இதில கனக்கச் சத்தம் புதிசாய்ச் சேர்த்திருக்கினம்."

வலக்காதுக்காரி உடன சொன்னாள்: "இல்லையடி, அது எப்பவும் இருந்தது. என்ர பக்கம் இருந்தது."

நாங்கள் சிரிச்சம். பிறகு சிரிப்பு நிண்டுபோச்சுது. இரண்டு பேரும் ஒரே பாட்டை, ஒரே நேரத்தில, தோளோட தோள் முட்டக் கேட்டவை. ஆனால் ஒருத்தி சில்லறை விழுகிறதைக் கேட்டபோது மற்றவளுக்கு மௌனம். நாலு வருசமாய் 'எங்கட பாட்டு' எண்டு சொல்லிக்கொண்டு ஆளுக்குப் பாதிப் பாட்டோட இருந்திருக்கினம். வலக்காதுக்காரிக்கு விசா வந்திட்டுது, வாற மாதம் போறாள். அண்டைக்கு அதை ஒருதரும் எடுத்துக் கதைக்கேல்லை. இடக்காதுக்காரி மட்டும், "அப்ப என்ர பக்கம் இருந்ததை நீயும் கேட்டிட்டுப் போ" எண்டு சொல்லி அவளை நடுக்கதிரையில இருத்தினாள்.

எங்களுக்கு அண்டைக்கு மிகக் கிட்டவாய்க் கேட்ட குரல் கிளேர் ரொரியினுடையது. 'த கிரேற் கிக் இன் த ஸ்கை' பாட்டில ஒரு சொல்லும் இல்லை, வெறும் குரல்தான். 1973 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்சன்ஸ் சொல்லிக் கூப்பிட்டு வந்த 25 வயதுப் பாடகி அவர். என்ன பாட வேணும் எண்டு அவருக்குத் தெளிவாய் ஒருதரும் சொல்லேல்லை. தன்னை ஒரு வாத்தியமாய் நினைச்சுக்கொண்டு பாடினவர். சம்பளம் 30 பவுண். பாட்டை எழுதினவர் எண்ட இடத்தில ரைட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. 2004 இல் அவர் வழக்குப் போட்டார். 2005 இல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தவை. அதுக்குப் பிறகு வாற பதிப்புகளில அந்தப் பாட்டின் ஆக்கத்தில ரைட்டோட அவரின்ர பெயரும் இருக்கு.

பெட்டிக்குள்ள இருந்த புத்தகத்தில அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தம். இருந்தது. ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவில அந்தக் குரல் உயரேக்க, மூச்சு எடுக்கிறதுகூடக் கேட்குது. இவ்வளவு தெளிவாய் ஒரு ஆளைக் கேட்ட பிறகு, இது அவரின்ர ஆக்கமில்லை எண்டு சொல்ல ஆருக்கு மனம் வரும்? இரண்டு தொழில்நுட்ப வேலை நடந்திருக்கு எண்டு எங்களில் ஒருத்தன் சொன்னான். ஒண்டு, குரலை ரேப்பில இருந்து பிரிச்சு எடுத்தது. மற்றது, பெயரை அட்டையில சேர்த்தது. இரண்டாவதுக்கு 32 வருசம் பிடிச்சது.

மாமா அதே பெட்டியில இருந்த பார்சன்ஸின் 1973 குவாட் கலவையையும் போட்டுக் காட்டினார். வித்தியாசம் உடன பிடிபட்டது. பார்சன்ஸ் துணிஞ்சு விளையாடுகிறார். சத்தங்களைத் தூக்கிப் பின்னுக்கு எறிகிறார், அறைக்குள்ள அலைய விடுகிறார். குத்ரி கவனமானவர். ஸ்ரீரியோவில் கேட்டுப் பழகின ஆள் பயப்படக்கூடாது எண்டு நினைச்சுச் செய்தவர் மாதிரி இருக்கு. குத்ரி பழைய கலவைக்கு அளவுக்கு மிஞ்சி விசுவாசமாய் இருந்திட்டார் எண்ட மாதிரி பார்சன்ஸே பிறகு குறைப்பட்டிருக்கிறார். எங்களுக்குள்ள சண்டை வந்தது இதிலதான். எது ஒரிஜினல்? உலகம் முழுக்க வாங்கிக் கேட்ட ஸ்ரீரியோவா, அதே வருசம் அதே ஒலிப்பதிவாளர் செய்த குவாட்டா, குழுவோட 'த வோல்' காலத்தில இருந்து வேலை செய்த குத்ரி முப்பது வருசம் கழிச்சுச் செய்ததா? 2023 இல் அவரே அற்மோஸ் கலவை ஒண்டும் செய்திருக்கிறார்.

எங்களில் மூன்று பேர், ஸ்ரீரியோதான் அல்பம், மற்றதெல்லாம் அதைப் பற்றின விளக்கவுரை எண்டு நிக்கினம். மற்ற இரண்டு பேரும் விடுகினமில்லை. மணிக்கூடுகளே நாலு ஸ்பீக்கருக்கெண்டு பதியப்பட்டவை, அப்ப ஸ்ரீரியோதான் சமரசம் எண்டு அவை வாதாடுகினம். இரண்டும் சரி எண்டு சொல்லி முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. பெரும்பான்மை எங்கட பக்கம் எண்டதுக்காக நாங்கள் வென்றதாகவும் இல்லை. ஆனால் ஒண்டில ஐந்து பேரும் ஒத்துப்போறம்: பழைய கலவையைக் கடையில இருந்து எடுத்துப்போட்டுப் புதிசை மட்டும் விக்காத வரைக்கும் ரீமிக்ஸ் ஒரு களவில்லை. அது திரும்ப ஒருக்கா வாசிக்கிறது.

எங்கட உண்மையான முறைப்பாடு வேற. 5.1 முறையில சரியான இடம் ஒண்டுதான். நடுக்கதிரை. அதில இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் எல்லாம் அளவாய்க் கேட்கும். ஓரத்தில இருந்தால் பின்பக்க ஸ்பீக்கர் காதுக்குள்ள கத்தும், பாட்டு எங்கேயோ தூரத்தில போகும். கோயில் திருவிழாவில மேளச்சமா நடக்கேக்க சுற்றிவர நிக்கிற எல்லாருக்கும் ஏதோ ஒரு பக்கம் கிடைக்கும். இங்க ஒருதருக்கு முழுசும் மற்றவைக்கு மிச்சமும். மாமாவிட்ட, "நீங்கள் இருங்கோ மாமா, உங்கட செற் தானே" எண்டு கேட்டால், "நான் தனிய இருக்கேக்க ஒவ்வொரு நாளும் அதிலதான் இருக்கிறன்" எண்டார். ஐந்து ஸ்பீக்கர் வாங்கின ஆளுக்கு அதைக் கேட்க இன்னொரு ஆள் இல்லாமல் இருந்திருக்கு எண்டது அப்பதான் விளங்கினது.

உங்களிட்ட இந்தச் சாமான் இல்லாமல் இருக்கலாம். எங்களிட்டயும் இல்லை. ஒரு நல்ல ஹெட்போனும் 43 நிமிசமும் இருந்தால் தொடங்கலாம். போனை வேற அறையில வையுங்கோ. பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடாமல் முதலாவதில இருந்து கடைசிவரைக்கும் கேளுங்கோ, ஏனெண்டால் ஒண்டு முடிய முன்னமே மற்றது தொடங்கிற மாதிரித்தான் அது செய்யப்பட்டிருக்கு. இயர்போனைப் பகிர்ந்து கேட்கிற ஆக்கள் எண்டால், இரண்டாம் தரம் கேட்கேக்க காதை மாற்றிக்கொள்ளுங்கோ.

மாமா வீட்டில மாதத்தில ஒரு ஞாயிறு எண்டு இப்ப முடிவெடுத்திருக்கிறம். அடுத்தது கிங் கிரிம்சனின் முதல் அல்பம், ஸ்ரீவன் வில்சன் சேர்ந்து செய்த 5.1 கலவை. கதிரைக்கு ஒரு சட்டமும் போட்டாச்சு: அந்த அல்பத்தை ஒருக்காலும் கேட்காத ஆளுக்குத்தான் நடு இடம். எல்லாரும் கேட்டிருந்தால் மாமாவுக்கு இல்லை, அவருக்கு ஓரம். அதுக்கு அவர் சம்மதிச்சிட்டார்.