புழுவின் தலையெழுத்து

பொருநையாறு பாயும் நிலமெல்லாம் நெல்லும் வாழையும் செழிக்கும். ஆற்றுக்கு வடக்கே, சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலமோ வானத்தை நம்பி வாழ்வது. அங்கே, 2018-ஆம் ஆண்டு மழைப் பருவத்தில், முழங்காலளவு வளர்ந்த மக்காச்சோளப் பயிரின் நடுவே முதிய உழவர் ஒருவர் திகைத்து நின்றார். இலைகள் சல்லடைபோல் துளைபட்டிருந்தன. குருத்தை விரித்தபோது, மரத்தூள் போன்ற எச்சமும் அதனடியில் ஒரு புழுவும் தென்பட்டன.

“எல்லாம் என் தலையெழுத்து!” என்று அவர் வருந்தினார்.

உடனிருந்த பேரன் அப்புழுவை இலையோடு எடுத்து உற்று நோக்கினான். “தாத்தா, முதலில் இதன் தலையெழுத்தையன்றோ நாம் படிக்க வேண்டும்!” என்றான்.

அவன் கூறியது விளையாட்டன்று. வேளாண்மைத் துறையார் ஊரில் ஒட்டியிருந்த படத்தை அவன் கண்டிருந்தான். ஒய் என்னும் ஆங்கில எழுத்தைத் தலைகீழாக எழுதினாற்போல் புழுவின் முகத்தில் வெளிறிய கோடு ஒன்று இருந்தது. வாலுக்கு அருகே நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருந்தன. நம் நாட்டுப் புகையிலைப் புழுவில் இவ்விரு குறிகளும் ஒருங்கே தெளிவாகக் காணப்படுவதில்லை. ஆதலின், வந்தது அமெரிக்கப் படைப்புழு என்பது புலனாயிற்று.

இப்புழு வளர்ந்து சிறியதோர் அந்துப்பூச்சியாகும். வட அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வாழ்ந்த ஜான் ஆபட் என்பார் பூச்சிகளைப் பொறுமையுடன் வளர்த்து, அவற்றின் உருவங்களை ஓவியமாகத் தீட்டினார். ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்னும் அறிஞர் அவற்றை 1797-இல் இலண்டனில் நூலாக்கியபோது இவ்வினத்திற்குப் பெயரிட்டார். 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்ட இது, 2018 மே மாதத்தில் கருநாடகத்துச் சிவமொக்காவில் தோன்றியது. அங்கே அறிஞர்கள் புழுவை அந்துப்பூச்சியாகும்வரை வளர்த்து, அதன் நுண்ணுறுப்புகளை ஆராய்ந்து, மரபணுவையும் ஒப்பிட்ட பின்னரே இன்னதென உறுதி செய்தனர்.

பெயரை அறிவதால் பயன் யாது? பெயர் தெரிந்தால் பழக்கம் தெரியும். பழக்கம் தெரிந்தால் வழி பிறக்கும். முட்டைகள் குவியலாக இருப்பதால் கையால் நசுக்கலாம். புழு குருத்தில் ஒளிவதால் மருந்து குருத்தைச் சேர வேண்டும். மண்ணுள் கூட்டுப்புழுவாவதால், கோடையுழவு அதனைப் பறவைகளுக்கு இரையாக்கும். இவற்றை அறியாது தெளிக்கும் மருந்து பொருளையும் உழைப்பையும் வீணாக்கும்.

அவ்வாண்டு அவ்வுழவர் பயிரில் ஒரு பகுதியை இழந்தார். எனினும் அடுத்த கோடையில் ஆழ உழுதார். முளைத்த நாள் முதல் வைகறைதோறும் பேரனுடன் சென்று இலைகளைப் புரட்டிப் பார்த்தார். தலையெழுத்து என்று நொந்துகொள்ளும் பேச்சு அதன்பின் அவர் வாயில் எழவில்லை.