காக்கா கூடும் மாஞ்சா நூலும்

பங்குனி பிறந்ததும் எங்கள் தெருவில் துடைப்பத்துக்கு ஆபத்து. வாசலில் சாய்த்து வைத்தால் காக்கா குச்சி குச்சியாக உருவிக்கொண்டு போய்விடும். குச்சி கிடைக்காவிட்டால் கம்பி. பெரம்பூரில் கம்பிக்கா பஞ்சம்? கேபிள்காரர் நறுக்கிப் போட்டது, சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பி, துணி மாட்டும் ஹேங்கர். பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் இருக்கும் கூட்டைப் பைனாகுலரில் பார்த்தால் வெளிச்சுற்று முக்கால்வாசி இரும்பு. உள்ளே தேங்காய் நார், கொஞ்சம் தலைமுடி. முடி சலூன் வாசலில் பொறுக்கியதாக இருக்க வேண்டும்.

*

காட்டுயிர் என்றால் முதுமலைக்கோ களக்காட்டுக்கோ பஸ் ஏற வேண்டும் என்று ஒரு பழக்கம். நம்மூரில் காட்டின் வேலையை ரயில்வேதான் செய்துகொண்டிருக்கிறது, தெரியாமலே. லோகோ ஒர்க்ஷாப், கேரேஜ் ஒர்க்ஷாப், 1955-ல் நேரு திறந்து வைத்த ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று சுற்றுச்சுவருக்குள் அடைபட்ட நிலத்திலும் குவார்ட்டர்ஸ் தெருக்களிலும் நின்றுபோன வேம்பும் அரசும் தூங்குமூஞ்சியும் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் புறா மட்டும்தான் மிஞ்சியிருக்கும். இருப்பதால் கிளி இருக்கிறது, புள்ளி ஆந்தை இருக்கிறது, தண்டவாள ஓரத்துப் புதரில் கீரிப்பிள்ளை இருக்கிறது. மாசி, பங்குனியில் உச்சிவெயிலில் குக்குறுவான் விடாமல் ‘டொக், டொக்’ என்று அடிப்பது ஒர்க்ஷாப் சுத்தியலுக்குப் பதில் சொல்வது போலவே இருக்கும்.

*

குயில். கூவுவது ஆண், கன்னங்கரேல், கண் மட்டும் ரத்தச் சிவப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. பலர் அதை வேறு பறவை என்றே நினைத்திருக்கிறார்கள். ஆண்குயில் காக்காக் கூட்டருகே போய் வம்பிழுக்கும். காக்கா ஜோடி துரத்திக்கொண்டு போகிற நேரம் பார்த்துப் பெண் உள்ளே புகுந்து முட்டையிட்டுவிட்டு நழுவும். காக்கா முட்டை பொரிக்கப் பதினாறு, பதினேழு நாள். குயில் முட்டைக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு. முந்திக்கொள்கிற குஞ்சுக்குத்தானே முதல் வாய்ச் சோறு. ஆனாலும் குயில் குஞ்சு ஐரோப்பியக் குக்கூவைப்போல மற்ற முட்டைகளை முதுகால் நெம்பித் தள்ளுவதில்லை. கூட இருந்தே வளரும்.

மா. கிருஷ்ணன் இதையெல்லாம் தமிழில் அழகாக எழுதியவர். அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டே கண்ணில் படும் சின்ன உயிர்களை எழுத முடியும் என்று காட்டினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். வடசென்னைக்கு அப்படி ஒரு ஆள் வாய்க்கவில்லை என்பது என் பழைய வருத்தம்.

*

சித்திரையில் காக்கா மண்டையில் அடிக்கும். “சனி புடிச்சிருச்சு” என்று பக்கத்து வீட்டுப் பாட்டி எள் தீபம் போடக் கிளம்பினார். “பாட்டி, மேல பாருங்க, குஞ்சு கெளையில உக்காந்திருக்கு. ஒரு பத்து நாள் கொடை புடிச்சிட்டுப் போங்க, சரியாப் பூடும்” என்றேன். குடையும் பிடித்தார், தீபமும் போட்டார். நல்லதுதான்.

காக்காவுக்கு ஆள் அடையாளம் தெரியும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்பவர் 2006-ல் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டார். பல வருஷம் கழித்தும் அந்த முகமூடி வளாகத்தில் நடந்தால் காக்கைகள் கூட்டம் கூடிக் கத்தின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. அது வேறு காக்கை இனம்தான். ஆனால் எங்கள் தெருவில் கல் விட்ட பையனுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை, அனுபவமே இருக்கிறது.

*

தரையில் தத்தித் திரியும் காக்காக் குஞ்சைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு வந்து அட்டைப்பெட்டியில் போட்டுப் பாலூற்றுகிறார்கள். வாயோரம் ரோஸ் நிறம், கண் நீலச் சாம்பல், றெக்கை முளைத்திருக்கிறது என்றால் அது விழுந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகும் குஞ்சு. தாய் தகப்பன் மேலேயே இருக்கும். பூனைக்கு எட்டாத ஒரு மதில்மேலோ கிளையிலோ ஏற்றிவிட்டு நகர்ந்தால் போதும். எந்தக் குஞ்சுக்கும் பால் வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது. அணில் குட்டிக்கும் பசும்பால் ஆகாது, வயிற்றால் போகும்.

கோடையில் காட்டுயிரைக் காப்பது என்பது பாதிக்குமேல் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். அது நமக்கு லேசில் வராது.

*

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடுவார்கள். பருந்துக் குஞ்சு அப்போதுதான் சுற்றப் பழகியிருக்கும், காக்காக் குஞ்சு இனிமேல்தான். மத்தியானத்துக்குமேல் கடல்காற்று ஏறியதும் வெப்பம் சற்றுத் தணிகிறது, பருந்து மேலே வட்டம் போட வருகிறது, அதே காற்றுக்குத்தான் மொட்டைமாடியில் காத்தாடியோடு பையன்களும் காத்திருக்கிறார்கள்.

நூலுக்கு மாஞ்சா போடுவதை நான் மட்டமாகப் பேசமாட்டேன். வஜ்ரப் பசையைக் காய்ச்சி, டியூப்லைட்டையோ சோடா பாட்டிலையோ இடித்துத் துணியில் சலித்து, குழைந்த சோறும் சாயமும் சேர்த்து, இரண்டு கம்பத்துக்கு நடுவில் நூலைக் கட்டி இழுத்துக்கொண்டே போய் வருவார்கள். சலித்த தூள் கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் தன் நூலே அறுந்துபோகும், ரொம்ப நைசாக இருந்தால் எதிராளி நூலை வெட்டாது. அந்தப் பதம் கைக்கு வர வருஷக்கணக்காகும். 2010-ல் ‘பாணா காத்தாடி’ என்று படமே வந்தது.

ஆனால் அது பருத்தி நூல். ஒரு மழைக்காலம் கண்டால் மக்கிவிடும். இப்போது வருவது நைலான். நூல் சுற்றும் லொட்டாயோடு பார்சலில் வீட்டுக்கே வருகிறது. மழையோ வெயிலோ எளிதில் அசைக்காது. மூன்று வருஷத்துக்கு முந்தைய காத்தாடிச் சண்டையில் அறுந்த நூல் இந்த வருஷக் குஞ்சின் கழுத்தில் மாட்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னைப் போலீசின் தடை வேறு இருக்கிறது. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் பெற்றோருடன் பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை கழுத்தறுபட்டு இறந்தபோது கொஞ்ச நாள் மாடிகள் காலியாகக் கிடந்தன. மனிதக் குழந்தைக்கே கொஞ்ச நாள்தான். வௌவாலுக்கு யார் கணக்கு வைப்பது?

கீழ்வீட்டுப் பையனிடம் கேட்டேன், “ஏண்டா, அறுந்த நூலு எங்க போவுதுன்னு பாப்பீங்களா?”

“காத்தாடியத்தாண்ணா தொரத்துவோம். நூலை எவன் தொரத்துவான்?”

அந்த ஒரு பதிலில் எல்லாம் இருக்கிறது. அதிலிருந்து ஓர் ஏற்பாடு: நூலைத் துரத்திக் கொண்டு வருபவனுக்குப் பால் ஐஸ். தொரட்டியால் மரத்திலிருந்து எடுத்து, குச்சியில் சுற்றிக் கொண்டு வர வேண்டும். கையில் துணி கட்டாயம். கரண்ட் கம்பிப் பக்கம் தொரட்டி போகவே கூடாது. எந்த மரத்தில் எந்தக் கிளையில் யார் நூல் மாட்டியிருக்கிறது என்பது இந்தப் பையன்களுக்குத் தெரிவதுபோல எந்த அதிகாரிக்கும் தெரியாது. என் ஐஸ் செலவு ஏறிவிட்டது, பரவாயில்லை.

மாட்டிக்கொண்ட பறவையைப் பார்த்தால் நூலைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் இறக்கைத் தசைக்குள் இறங்கிவிடும். ஒரு துண்டை முழுசாக மேலே போட்டுக் கண்ணை மறைக்க வேண்டும், பாதி அடங்கிவிடும். பருந்தானால் அலகைவிடக் காலுக்குத்தான் பயப்பட வேண்டும். நூலை இருபக்கமும் தள்ளி வெட்டி, சிக்கிய துண்டை அப்படியே விட்டு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல் கொண்டுபோக வேண்டும். பெரம்பூர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை: 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. உயரத்தில் தொங்கினால் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம். காக்காவுக்காகவும் ஏணி போட்டு ஏறுகிறார்கள். கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும்.

*

மே மாதம் கிளை வெட்ட வருகிறார்கள். கரண்ட் கம்பியில் உரசுகிறது, வெட்டித்தான் ஆக வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் கம்பியைத் தொடாத பக்கத்தையும் மொட்டையடிப்பது ஏன்? போன வருஷம் இறங்கிய கிளையோடு கூடும் இறங்கியது. வெட்டியவர் நல்ல மனுஷர், முட்டையைப் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “மேல தெரியலீங்க” என்றார். மேலே தெரியாது, நிஜம். கீழே நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் இப்போது கூடுள்ள கிளைக்கு நேர்கீழே அடிமரத்தில் சாக்பீஸால் பெரிதாக வட்டம் போட்டு வைக்கிறோம். வெட்ட வருகிறவர்கள் கேட்கிறார்கள், சொன்னால் அந்தக் கிளையை விட்டுவிடுகிறார்கள். அலுவலகத்துக்கு மனு எழுதுவதைவிட வேகம்.

*

தண்ணீர்க் கிண்ணம். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போனது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வற்றின. பறவைக்கு வேர்க்காது. வாயைப் பிளந்து தொண்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டுதான் சூட்டைத் தள்ளும், அதில் உடம்புத் தண்ணீர் வேகமாகப் போகும். ஆகவே வையுங்கள். மண் சட்டி, ஆழம் குறைவு, நடுவில் ஒரு கல், நிழலில். எவர்சில்வர் தட்டு வெயிலில் சுடும். தினம் நார் போட்டு விளிம்பைத் தேய்க்க வேண்டும், கொசு முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் மாநகராட்சிக் கொசுப் பணியாளர் வந்து கவிழ்த்துவிட்டுப் போவார், அவர் செய்வது சரிதான்.

*

சிட்டுக்குருவிக்கு வடசென்னையில் கூடுகள் அறக்கட்டளைக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே மரப்பெட்டி செய்ய வைக்கிறார்கள். பெட்டி மாட்டியதும் தினம் திறந்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம்.

*

ரெட்டேரி. சாலை நடுவில் ஓடி ஏரியை இரண்டாக வைத்திருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்கக் கரையோரச் சேற்றில் கொக்கும் நாரையும் கூடும், மீன் அடர்ந்து நிற்கும் அல்லவா. கோடையில் பறவை பார்க்க இதைவிட வசதி இல்லை. காலை ஆறரைக்குள் போக வேண்டும், அப்புறம் லாரி சத்தம்தான்.

*

கடலாமைக் குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போவதும் கோடையில்தான், மே வரைக்கும்கூட. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல்லைக் கொட்டி வைத்திருக்கிறோம். முட்டையிட ஏறிவரும் ஆமைக்கு மணல் வேண்டுமே. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

*

ராத்திரி நெட்டிலிங்க மரத்தில் பழந்தின்னி வௌவால். காலையில் காரின் மேல் கொட்டையும் எச்சமும். 1972 வனவிலங்குச் சட்டம் காக்கா, பழந்தின்னி வௌவால், எலி மூன்றையும் தொல்லை உயிர்கள் என்று ஒரே பட்டியலில் போட்டிருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போயிற்று. இதைக் கார்க்கார சாரிடம் சொன்னேன். மரத்தை எடுத்துவிடலாம் என்று அசோசியேஷனில் பேசியவர் அவர்தான்.

“சட்டம் இருக்கட்டும் சார். என் பெயிண்ட்டு?”

கவர் வாங்கலாம் என்றேன். விலை கேட்டார். பாதி நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜூன் கூட்டத்தில் மரம் பற்றிய தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை.