கயிறும் கையும்

கை எரிந்த அன்று இரவு எழுதத் தொடங்கிய குறிப்புகள் இவை. சாயங்காலம் கடற்காற்று சட்டென்று ஏறியது. விட்டுவிட வேண்டிய கயிற்றை விடாமல் பிடிக்கப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் ஓடியது ஒரு முழம் இருக்கும். நாலு விரலிலும் உள்பக்கத் தோல் வழன்றுவிட்டது. ஐந்து நாள் சோறு பிசைய முடியவில்லை.

*

அந்தக் கயிற்றுக்கு மெயின்ஷீட் என்று பெயர். பாயை இழுத்து அடக்குவது. நம் கடலோரத்தில் தாமான் என்பார்கள். நான் பழகும் படகு ஐ.எல்.சி.ஏ.; முன்பு லேசர். நீளம் 4.23 மீட்டர். ஒரு ஆள், ஒரு பாய். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியது இதே படகைத்தான், சுமார் 5.7 சதுர மீட்டர் பாயோடு. அங்கே விஷ்ணு சரவணன் ஓட்டியதில் பாய் 7 சதுர மீட்டர். அத்தனை காற்றும் கப்பிகள் வழியாக இறங்கி, விரல் பருமன்கூட இல்லாத ஒரு கயிற்றில் நம் கைக்கு வந்து சேர்கிறது. ஓட்டம் முடியும்வரை அது கையை விட்டு இறங்குவதில்லை.

*

இனி கையுறை போடப் போகிறேன் என்றேன். “காசிமேட்டு மீனவர்களில் யார் கையுறை போடுகிறார்கள்?” என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கைகள் தினமும் கயிறு இழுப்பவை; காய்ப்பு ஏறியவை. வாரத்தில் ஒரு நாள் கடலுக்குப் போகிறவனுக்குக் காய்ப்பு ஏறுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொப்புளம், புதன்கிழமை புதுத்தோல், அடுத்த ஞாயிறு அதுவும் கிழியும். உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் உரியும். அவர்களைப் பார்த்து நாம் வெறுங்கையோடு போவது வீரம் ஆகாது.

*

விரல் நுனி திறந்த கையுறையா, முழுக்க மூடியதா? திறந்ததுதான் என் கட்சி. முடிச்சு அவிழ்க்க, கொக்கி மாட்ட, ஈரக் கயிறு எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று தடவி அறிய, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளியே இருக்க வேண்டும். தொளதொள கையுறை கூடவே கூடாது. மடிப்பு விழுந்த இடத்திலேயே கொப்புளம் வரும்.

பெரிய படகில் வின்ச் உண்டு. கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை அது. அங்கே தொளதொளப்பு கொப்புளத்தோடு நிற்காது. கையுறையின் நுனி சுற்றுக்குள் சிக்கினால் விரலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வின்ச் பக்கம் கை போகும்போதெல்லாம் விரல்களை மடக்கிக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

*

குளிர்க்கடல் வேறு கதை. கடற்படையின் தில்னாவும், புதுச்சேரிக்காரரான ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற 56 அடிப் படகில் கிளம்பி, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். அந்தத் தென்கடலில் கையுறை, விரல் மரத்துப்போகாமல் இருப்பதற்காக. மரத்த விரலால் முடிச்சுப் போட முடியாது. சென்னையில் அந்தக் கவலை இல்லை. இங்கே வேர்வைதான் கவலை.

*

விலை உயர்ந்தது வேண்டும் என்பதில்லை. கட்டட வேலையில் போடுகிறார்களே, உள்ளங்கையில் ரப்பர் பூசிய பின்னல் கையுறை, அது ஈரக் கயிற்றை நன்றாகவே கவ்வுகிறது. கத்தரிக்கோலால் இரண்டு விரல் நுனியை வெட்டிவிட்டால் போதும். சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். எதுவானாலும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு காய்ந்த கையுறை உப்புத்தாள் மாதிரி உரசும்.

*

கையுறை போட்ட பிறகு எனக்கு வந்த கெட்ட பழக்கம்: கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வது. தோல் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம். அந்த ஒரு சுற்று இருந்தால், நினைத்தாலும் கயிற்றை விட முடியாது. சின்னப் படகில் கயிற்றை விட்டால் பாய் காற்றை இறக்கிவிடும், படகு நிமிர்ந்துகொள்ளும். விடுவதுதான் பிரேக். இதைக் கற்றுத்தந்தவர் துறைமுகத்தில் ஒரு பெரியவர்: “கயிறு ஓடுச்சுன்னா உட்ரு தம்பி. ஓடுற கயித்த புடிக்காத.”

*

கையுறை போடுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். மோதிரத்தை மட்டும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், கல்யாண மோதிரமானாலும். ஓடும் கயிறோ கொக்கியோ அதில் மாட்டினால் விரலின் தோலும் தசையும் மோதிரத்தோடு உரிந்து வந்துவிடும். அதைத் தடுக்கும் கையுறை கிடையாது.