இரண்டு விரலில் டில்லர்

பாய்மரப் படகைக் காற்றை வைத்தே தானாக ஓட்டும் விண்ட்வேன் சரியாக ஓட்டவில்லை என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் அந்தக் கருவியிடம் போவதில்லை. அதன் கயிறுகளைக் கழற்றிவிட்டு சுக்கானின் கைப்பிடியான டில்லரைப் பிடித்துப் பார்ப்பேன். இரண்டு விரலுக்கு அடங்கினால் கருவியில்தான் ஏதோ இருக்கிறது. தோளைக் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தால் கோளாறு பாயில். பெரும்பாலும் பாயில்தான்.

மின்சாரமே வேண்டாத கருவி இது. மேலே மெல்லிய பிளைவுட் தகடு, கீழே தண்ணீரில் தொங்கும் ஒரு துடுப்பு. படகு திசை மாறினால், அதுவரை தகட்டின் விளிம்பை மட்டும் தொட்டுப்போன காற்று அதன் முகத்தில் அடிக்கும், தகடு சாயும். அந்தச் சாய்வு துடுப்பைக் கொஞ்சம் திருப்பிவிடும். தகட்டின் வேலை அத்தோடு சரி. திரும்பிய துடுப்பை ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். அந்த விசைதான் கயிறு வழியே டில்லரை இழுக்கிறது. படகின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 1960-இல் முதல் அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தில் ஓடிய பிளாண்டி ஹேஸ்லர்தான் இந்த செர்வோ பெண்டுலம் முறைக்கு வழிகாட்டி. இன்றைக்குக் கிடைக்கும் கருவிகளில் பலவும் அந்த வம்சம்தான்.

பெரிய பாய் அளவுக்கு மீறி விரிந்திருந்தால் படகு சாயும். சாய்ந்த படகு காற்றை நோக்கி மூக்கைத் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்கவே கருவியின் பலமெல்லாம் செலவாகிவிட்டால், அலை வந்து தள்ளும்போது மிச்சம் ஏது? நான் முன்பாயைத் தொடுவதற்கு முன்பே பெரிய பாயைச் சுருக்கிவிடுவேன். வேகம் போய்விடுமே என்று கூட வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுக்கானைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஓடுவது பிரேக்கை மிதித்தபடி வண்டி ஓட்டுவதுதான். சுருக்கிய பிறகு வேகமானியைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 'சுஹைலி'யில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் உலகைச் சுற்றியபோது, அவருடைய தானியங்கிக் கருவி நடுவழியில் உடைந்துபோனது. பாய்களைச் சமன்செய்தே படகை ஓடவைத்து, எங்கும் நிற்காமல் 1969 ஏப்ரலில் ஃபால்மவுத் திரும்பினார்.

அடுத்தது கயிறு. என் கருவியில் கயிறு நகரும் தூரமே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். தொய்விலும் நீட்சியிலும் நாலைந்து சென்டிமீட்டர் போய்விட்டால் சின்ன விலகல் எதுவும் டில்லரை எட்டாது. விலகல் பெரிதான பிறகு விழித்துக்கொண்டு கருவி அதிகமாகத் திருப்பும், படகு வளைந்து வளைந்து போகும். அதனால் நீளாத டைனீமா கயிறு, முடிந்தவரை குறைவான கப்பிகள், டில்லருக்குச் செங்குத்தாக வரும் இழுப்பு. ரொம்ப இறுக்கினாலும் கப்பியில் உராய்வு கூடிவிடும். கயிறுகள் டில்லரைப் பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு சங்கிலி வைத்திருக்கிறேன். படகு ஒரு பக்கம் இழுத்தால் சங்கிலியில் ஒரு கண்ணி தள்ளி மாட்டினால் போதும். எண்ணெய் டப்பாவோடு வருகிறவர்களை நான் கருவியின் பக்கமே விடுவதில்லை. பிளாஸ்டிக் பேரிங்கில் கிரீஸ் போட்டால் உப்பும் தூசியும் சேர்ந்து களிம்பாகிவிடும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே போதும்.

உண்மையான சோதனை பின்காற்றில்தான். வடகிழக்குப் பருவத்தில் லங்காவியிலிருந்து இலங்கைக்கு வரும்போது காற்று பின்னாலிருந்தே தள்ளும். 12 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் நேர் பின்காற்றில் ஓடினால், தகட்டுக்குக் கிடைப்பது மிச்சமுள்ள 6 நாட்தான். நின்ற படகில் அது உணர்ந்திருக்கும் விசையில் கால் பங்கு. அங்கே அகலமான, லேசான தகட்டை மாட்டுவேன். பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயைக் கழி கொடுத்து விரித்தால், இழுப்பு முன்னாலிருந்து வரும். படகும் நேராக ஓடும். அதுவும் போதாவிட்டால் நேர் பின்காற்றை விட்டு இருபது, முப்பது டிகிரி விலகி ஓடுவேன். தூரம் கொஞ்சம் கூடும், தூக்கமும் கூடும்.

ஆனால் இந்தக் கருவிக்குத் திசைகாட்டி தெரியாது, காற்று மட்டுமே தெரியும். இரவில் மழைமேகம் ஒன்று கடந்து காற்று நாற்பது டிகிரி திரும்பினால், படகும் சத்தமில்லாமல் நாற்பது டிகிரி திரும்பிவிடும். பாய் படபடக்காது, யாரையும் எழுப்பாது. நடுக்கடலில் பரவாயில்லை. தேவேந்திரமுனைக்குத் தெற்கே சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகும் தடத்தின் ஓரத்தில் அப்படி விட முடியாது. அங்கே ஜிபிஎஸ் அலாரத்தைக் குறுகலாக வைத்து, ஆள் மாற்றிக் காவல் இருக்கிறோம்.

காற்று அடியோடு நின்று மோட்டாரில் போகும்போதும் கருவியைச் சும்மா விடுவதில்லை. தகட்டைக் கழற்றிவிட்டு, அது சாய வேண்டிய இடத்தில் மின்சாரத்தில் ஓடும் சின்ன டில்லர் பைலட்டை மாட்டிவிடுவேன். அது துடுப்பைத் திருப்பினால் போதும், டில்லரை இழுப்பதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். பேட்டரிக்கும் பெரிய செலவில்லை. துறைமுக வாயில் வந்ததும் துடுப்பை மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும். அது தண்ணீரில் இருக்கும்போது படகைப் பின்னோக்கி எடுத்தால் முறுக்கிக்கொண்டு உடையும்.