மணிக்கு எத்தனை வெள்ளி?

“யாரு கல்யாணம்?” என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

புலனத்தில் வந்த அழைப்பை அவரிடம் காட்டியிருந்தேன். ரோஜா நிறப் பின்னணி, தங்க நிற எழுத்து, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தங்கும்விடுதியின் பெயர், சனிக்கிழமை காலை 9 மணி. கல்யாணப் பத்திரிகை என்று நினைத்ததில் தவறில்லை. மகளிர் தொழில்முனைவோர் சந்திப்பு, கட்டணம் 50 வெள்ளி, மதிய உணவு உண்டு என்று வாசித்துச் சொன்னேன்.

“அம்பது வெள்ளி குடுத்து ஆளுங்களப் போய் பார்க்கணுமா?”

“பார்த்துப் பழகணும்மா. அதுலேர்ந்துதான் வியாபாரம் வளரும்.”

“கிள்ளான்ல எனக்குத் தெரியாத ஆளா?”

அதுவும் உண்மைதான். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அம்மா. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்து ஆட்கள் கிள்ளானைச் சுற்றிச் சிதறியபோது, உறவுகளும் அவர்களோடு பரவின. துங்கு கிளானா சாலையில் அம்மாவோடு நடந்தால் பத்து கடை தாண்டுவதற்குள் நான்கு பேர் நிறுத்திப் பேசுவார்கள். அந்த நான்கு பேரில் இரண்டு பேராவது தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கை வாங்குபவர்களாக இருப்பார்கள்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன 2013-இல் அம்மா முறுக்கு சுடத் தொடங்கினார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வேலை ஆரம்பிக்கும். பெரியம்மா கூட வந்து நிற்பார். காலை 4 மணிக்கு மாவு பிசைந்தால் மாலை 4 மணிக்கு அடுப்பு அணையும். என் பல்கலைக்கழகச் செலவில் ஒரு பங்கு அந்த எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்தது. இப்போது ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு திருகாணி செய்ய எத்தனை காசு அடங்குகிறது என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டு தசமத்தானம் வரை கணக்குப் பார்ப்பது என் பொறுப்பு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2025 ஜூலையில் அந்தச் சந்திப்புக்குப் போனோம். அம்மா கல்யாணப் பட்டு ஒன்றைக் கட்டியிருந்தார். ஒரு பையில் இரண்டு டப்பா முறுக்கும் எடுத்துக்கொண்டார், வெறுங்கையோடு போவது மரியாதை இல்லையாம். கூட்டரசு நெடுஞ்சாலையில் காரோட்டிக்கொண்டே அவருக்கு நான் எழுதிக் கொடுத்த அறிமுகத்தைச் சொல்ல வைத்தேன். “வணக்கம். கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாரம்பரியப் பலகாரத் தயாரிப்பில் ஈடுபட்டு வருகிறேன்.” சுபாங் வரை வந்ததும் மனப்பாடம் ஆகிவிட்டது.

மண்டபத்தில் ஏறக்குறைய அறுபது பெண்கள். மேசைக்கு எட்டுப் பேர். அம்மாவுக்கு அங்கே ஒருவரைக்கூடத் தெரியவில்லை. அவர் அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை. பழக்க தோஷத்தில் ஒவ்வொருவரிடமும் “நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். ஒரு பெண் “நான் செராஸ் ஆன்ட்டி, கொண்டோ” என்றாள்.

அறிமுகச் சுற்று வந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம். ஆரி வேலைப்பாடு செய்பவர், பாலர்ப்பள்ளி நடத்துபவர், வீட்டிலேயே மசாலா அரைத்து விற்பவர், கல்யாண ஒப்பனைக்காரர் என்று ஒலிவாங்கி கைமாறிக்கொண்டே வந்தது. அம்மா எழுந்தார்.

“நான் வீட்டுல சும்மாதான் இருக்கேன். தீபாவளிக்கு மட்டும் முறுக்கு சுடுவேன்.”

உட்கார்ந்துவிட்டார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. எனக்கு முகம் சூடாகியது. நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டாரே என்றுதான் முதலில் கோபம். அந்தச் ‘சும்மா’ என்ற சொல் பிறகுதான் உறைத்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எண்ணெய்ச் சூட்டில் நிற்கிற பெண் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வைத்திருக்கும் சொல் அது. நானும் பள்ளிப் பாரங்களில் ‘தாயாரின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றே எழுதி வந்திருக்கிறேன்.

எங்கள் மேசையில் ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். கேக் செய்பவர், நாற்பதைத் தாண்டியவர். அம்மா நீட்டிய முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. “ஒரு டப்பா எவ்வளவு ஆன்ட்டி?” என்றார்.

“பதினெட்டு.”

“எத்தன முறுக்கு?”

“அம்பது. தெரிஞ்சவங்கன்னா ரெண்டு கூடப் போடுவேன்.”

“சாமானுக்கு எவ்வளவு ஆகுது?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். அந்தக் கேக் அக்கா தன் பெயரட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு, அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதினார். மாவு, உளுந்து, எண்ணெய், ஓமம் எல்லாம் சேர்த்து டப்பாவுக்கு 8 வெள்ளி. வெறும் டப்பா 1 வெள்ளி 30 காசு. எரிவாயு 70 காசு. ஆக 10 வெள்ளி. ஒரு நாளைக்கு 20 டப்பா. வரவு 360, செலவு 200, மிச்சம் 160.

“எத்தன பேர் வேல செய்றீங்க?”

“நானும் எங்கக்காவும்.”

“எத்தன மணி நேரம்?”

“காலைல நாலுலேர்ந்து சாயங்காலம் நாலு.”

இரண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி, ஆக 24. 160-ஐ 24-ஆல் வகுத்தார். 6 வெள்ளி 66 காசு. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அட்டையை அம்மா பக்கம் தள்ளினார்.

“ஆன்ட்டி, நாட்டுல குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. மணிக்குக் கணக்குப் பண்ணா 8 வெள்ளி 72 காசு. நீங்க அதுக்கும் கீழ வேல செய்றீங்க. இன்னும் அடுப்புத் தேய்மானம், உங்க மக காருல கொண்டுபோய்க் குடுக்குற பெட்ரோல், எதையும் நான் சேர்க்கல.”

“நெசமாவாம்மா?” என்று அம்மா என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். ஐந்து நிமிடக் கணக்கு அது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் மாவு வாசனையில் எழுந்து, அம்மாவின் காசில் கணக்குப் படித்து, வேலைக்கும் சேர்ந்த நான் ஒரு தடவைகூட அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஏன் போடவில்லை என்பதை அதன் பிறகு நிறைய யோசித்தேன். என் அலட்சியம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எங்களைச் சுற்றியிருந்த அத்தனை பேரில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வாங்குகிறவர்கள் எல்லாரும் உறவு. சின்ன அத்தைக்கு 17 வெள்ளி, சம்பந்தி வீட்டுக்கு 16, கோயில் தலைவர் வீட்டுக்கு இரண்டு டப்பா சும்மா. “அக்கா, நமக்குள்ள என்ன” என்று ஒருவர் சொன்னாலே ஒரு வெள்ளி குறைந்துவிடும். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்பா படுத்திருந்தபோது மாறி மாறி மருத்துவமனையில் இருந்தவர்கள் இவர்கள்தான். அதனாலேயே இவர்களிடம் கூலிக் கணக்குப் பேச முடியாது.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ‘பலவீனமான பிணைப்புகளின் பலம்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கியவர்கள் அறிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுத் தகவல் தூரத்து அறிமுகங்களின் வழியாகத்தான் வரும் என்பது அதன் சாரம். பாஸ்டன் அருகே ஒரு நகரில் வேலை மாறிய ஆண்களிடம் பேசித்தான் அவர் தன் ஆய்வைச் செய்தார். ஆண்களுக்கு இந்தத் தூரத்து அறிமுகங்கள் வேலையிடத்தில், சாப்பாட்டுக் கடை மேசையில், பந்து விளையாடும் திடலில் தானாகவே சேர்ந்துவிடுகின்றன. அம்மாவின் உலகத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. எல்லாமே கெட்டியான பிணைப்பு. தெரியாதவரைச் சந்திக்க அவர் 50 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது.

நம் பெண்கள் கூடாமல் இருந்தார்கள் என்று சொல்லவரவில்லை. அம்மாவின் தலைமுறையில் கூட்டு கட்டாத பெண் யார்? பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 100 வெள்ளி, முறை வைத்து ஒருவர் ஆயிரத்தை எடுப்பார். அதை நடத்தக்கூடாது என்று 1971-இல் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘கூட்டு’ என்ற நம் சொல்தான் உட்கார்ந்திருக்கிறது. வங்காளதேசத்தின் கிராமின் முறையைப் பின்பற்றி 1987-இல் இங்கே தொடங்கப்பட்ட அமானா இக்தியாரும் ஐந்து ஐந்து பெண்களாகக் குழு சேர்த்துத்தான் கடன் கொடுத்தது. 2024-இல் அதன் வழியாக இந்தியப் பெண்களுக்கென்றே 50 மில்லியன் வெள்ளியில் ஒரு கடன் திட்டம் வந்தது. பெயரே ‘பெண்’. தெக்குன் அமைப்பின் ‘ஸ்புமி’ திட்டமும் இருக்கிறது. பணத்துக்கு வழி முன்பைவிடக் கூடியிருக்கிறது.

ஆனால் மணிக்கு 6 வெள்ளி 66 காசில் ஓடுகிற தொழிலுக்குக் கடன் வாங்கினால் என்ன ஆகும்? பெரிய சட்டி வாங்கலாம், 40 டப்பா சுடலாம், விலை 18-ஆகவே இருந்தால் கடனையும் முதுகில் சுமந்துகொண்டு உழைக்கலாம். கடனுக்கு முன்னால் யாராவது அந்த அட்டையைத் திருப்பிப் போட்டு எழுத வேண்டும்.

அன்றைய நிகழ்ச்சி முழுக்க அப்படி இருந்தது என்று சொன்னால் பொய். சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அவர் வந்ததும் பாதி அறிமுகத்தை நிறுத்திவிட்டுப் பொன்னாடை. நான்கு முறை குழுப்படம். ஒரு பேச்சாளர், பெண் நினைத்தால் வானத்தையே வளைக்கலாம் என்று நாற்பது நிமிடம் பேசினார், விலை என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் மெலிவதற்கான தேநீர் விற்பனைச் சங்கிலிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் எண்ணையும் வாங்கிக்கொண்டார், இன்றுவரை காலை வணக்கம் வந்துகொண்டிருக்கிறது. எங்களுக்குப் பயன்பட்ட அந்த இருபது நிமிடம் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. சாப்பாட்டுக்கு வரிசை நீளமாக இருந்ததால் கிடைத்த நேரம் அது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 50 வெள்ளி, சனிக்கிழமை ஒரு முழு நாள், கூட்டிப்போக ஒரு கார். இவை மூன்றும் இருந்தவர்களே அங்கே இருந்தார்கள். பெரியம்மாவையும் அழைத்தேன். “பேரப்புள்ளைங்கள யாரு பார்த்துக்கிறது?” என்றார். அந்த 6 வெள்ளி 66 காசில் பாதி மணிகள் அவருடையவை. குழந்தைகளை விட ஒரு மூலை ஒதுக்கினால், கூட்டத்தைத் தங்கும்விடுதியிலிருந்து கோயில் மண்டபத்துக்கோ அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்துக்கோ மாற்றினால், பெரியம்மா மாதிரி ஆட்கள் வருவார்கள். பொன்னாடைச் செலவில் அது முடியும்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா பேசவே இல்லை. ஷா ஆலம் தாண்டியதும், “அந்தப் பொண்ணு ஏன் அவ விலையெல்லாம் எங்கிட்ட சொன்னா?” என்று கேட்டார். கேக் அக்கா தன் கணக்கையும் எழுதிக் காட்டியிருந்தார். முதல் இரண்டு வருடம் தானும் இதே மாதிரி நட்டத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்லியிருந்தார். “நம்ம ஆளுங்க இதெல்லாம் சொல்ல மாட்டாங்களே” என்றார் அம்மா. திரும்பி வரும்வரை அவரைத் துளைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வியப்புதான்.

ஆகஸ்டில் எஸ்எஸ்எம்-இல் அம்மாவின் சொந்தப் பெயரிலேயே தொழிலைப் பதிந்தோம். வருடத்துக்கு 30 வெள்ளி. பிறகு விலையை 22 ஆக்கினார். குரல்பதிவில் எல்லாருக்கும் ஒரே விலை என்று சொல்வதற்கு ஏழு முறை பதிந்து அழித்தார். சின்ன அத்தை, “எங்களுக்கே இருபத்திரெண்டா?” என்று கேட்டுவிட்டு வழக்கமான முப்பது டப்பாவைக் கடையில் வாங்கிக்கொண்டார். தீபாவளியன்று எங்கள் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், முறுக்குத் தட்டைத் தொடவில்லை. அது அம்மாவுக்கு இன்னும் வலிக்கிறது. அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனவள் என்ற வகையில் எனக்கும். மொத்தத்தில் போன வருடத்தைவிட அறுபது டப்பா குறைவு. ஆனால் 22 வெள்ளியில் மணிக்குப் பத்து வெள்ளி நிற்கிறது. அம்மா அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு மூட்டவில்லை.

முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை மாலை, சமையலறை நாட்காட்டியில் கிறுக்கி வைத்திருந்த மணிகளை அம்மா என்னை வைத்துக் கூட்டினார். 72. ஒரு உறையில் 720 வெள்ளி வைத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். அதுவரை பெரியம்மாவின் கூலி தீபாவளிக்கு ஒரு சேலையும் ஐந்து டப்பா முறுக்கும்.

“என்னடி இது? எனக்குப் போயி...”

“ஒன் கணக்குக்கா. எண்ணிப் பாரு.”

பெரியம்மா எண்ணவில்லை. உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். வாசல்வரை போனவர் திரும்பிக் கேட்டார்.

“திங்கக்கெழம நாலு மணிக்குத்தானே?”